ரை கலந்த கோதுமையை ஏற்கெனவே சாப்பிட்டாயிற்று

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோதுமையை நோயிலிருந்து காக்க, அதற்கு உறவான ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தின் மரபணுக்களைச் சேர்ப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதற்கு வந்த வாசகர் கடிதங்களையும் படித்தேன். ‘நம் சாப்பாட்டில் வேறு தானியத்தைக் கலக்க விடக்கூடாது’ என்று பலர் கோபப்பட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் மாவு மில் நடத்துகிறேன். கோதுமை அரைக்க வருகிறவர்களும் இப்போது இதையே கேட்கிறார்கள். கல்லூரியில் தாவரவியல் படித்தவன் என்பதால் எழுதத் துணிந்தேன்.

கலப்பு எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. மரபணுக்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்களில், ரையின் ஒன்றாம் குரோமோசோமில் குட்டைக் கை என்று ஒரு பகுதி உண்டு. ஜெர்மனியில் கோதுமையையும் ரையையும் மகரந்தக் கலப்பு செய்தபோது அந்தக் கை கோதுமையின் குரோமோசோமில் வந்து ஒட்டிக்கொண்டது. கலப்பினச் செடியில் ஜோடி கிடைக்காத குரோமோசோம்கள் நடுவில் முறிந்து, முறிந்த துண்டுகள் இடம் மாறிச் சேர்வதுண்டு. அப்படி நேர்ந்ததுதான் இது. சோவியத் நாட்டின் அரோரா, காவ்காஸ் ரகங்கள் வழியாக அது மெக்சிகோவில் உள்ள சிம்மிட் என்ற சர்வதேச மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்துக்குப் போனது. அங்கே உருவான கோதுமை வகைகள் உலகமெங்கும் பரவின. பஞ்சாபில் 1995-இல் வெளியான பிபிடபிள்யூ 343 ரகத்திலும் அந்த ரைத் துண்டு உண்டு. வட இந்தியாவில் பல ஆண்டுகள் பெரும் பரப்பில் விளைந்த ரகம் அது. நம் பக்கம் கோதுமை விளைவதில்லை, வருவது பெரும்பாலும் வடக்கிலிருந்துதான். எனவே கோபப்பட்டவர்களும் அந்தச் சப்பாத்தியைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். கோதுமையின் குளூட்டன் புரதம் ஆகாதவர்களுக்கு ரையும் ஆகாது என்பது உண்மை. ஆனால் அவர்கள் சப்பாத்திப் பக்கமே போகக் கூடாதே! (பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசியைக் கல்யாண விருந்தில் வைக்கும் ஊர்க்காரன் நான். வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க எனக்கு மனம் வராது.)

அந்த ஒரு துண்டில் இலைத் துரு, தண்டுத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் ஆகிய நான்கு பூஞ்சை நோய்களையும் எதிர்க்கும் மரபணுக்கள் இருந்தன. வளர்ப்பாளர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. ஒரு குறையும் கூடவே வந்தது. ரையின் செகலின் புரதம் சேர்ந்துவிடுவதால் பிசைந்த மாவு பிசுபிசுவென்று ஒட்டும், ரொட்டி நன்றாக எழும்பாது. பேக்கரிக்காரர்களுக்குத்தான் இதில் பெரிய தலைவலி. (என் மில் மாவு கையில் ஒட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களிடம் ரை மீது பழி போட்டுத் தப்பிக்க முடியாது. பெரும்பாலும் தண்ணீர் கூடியிருக்கும்.) துண்டிலிருந்து செகலின் பகுதியை மட்டும் நீக்கவும் கலிபோர்னியாவில் வேலை செய்திருக்கிறார்கள். ரையிலிருந்து ஒரு மரபணுவை மட்டும் தனியாகப் பிரித்தெடுக்கவும் இப்போது முடியும். தண்டுத் துருவை எதிர்க்கும் எஸ்ஆர் 50 மரபணுவை 2015-இல் அப்படிப் பிரித்தார்கள். அதை ஆய்வகத்தில் நேரடியாகக் கோதுமைக்குள் செலுத்தலாமா என்பது வேறு விவாதம், அதை நடத்தத்தான் வேண்டும். பழைய மகரந்தக் கலப்பையும் அதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் அந்தக் கடிதங்களில் எனக்குப் பிடிக்காதது.

சரி, பயப்பட எதுவுமே இல்லையா? இருக்கிறது. கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. அந்தத் துண்டில் தண்டுத் துருவைத் தடுத்த மரபணுவின் பெயர் எஸ்ஆர் 31. அது நன்றாக வேலை செய்ததால் நாட்டுக்கு நாடு அதையே நம்பினார்கள். ஊரில் உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரே பூட்டு போட்டால் திருடனுக்கு ஒரு சாவி போதும். 1998-இல் உகாண்டாவில் அந்தச் சாவியோடு தண்டுத் துருப் பூஞ்சையின் ஒரு வகை கிடைத்தது. ‘யுஜி 99’ என்று பெயர் வைத்தார்கள். கென்யா, எத்தியோப்பியா, ஏமன் என்று பரவி 2007-இல் ஈரான் வரை வந்தது. பசுமைப் புரட்சியின் தந்தை எனப்படும் நார்மன் போர்லாக், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகும், அதற்காகவே உலகைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. பிபிடபிள்யூ 343-ஐக் கவிழ்த்தது இது அல்ல, மஞ்சள் துருவின் புதிய வகை ஒன்று. ஆனால் பாடம் ஒன்றுதான்.

கோதுமை விளையாத ஊர்க்காரனுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் கண்மாய்ப் பாசன வயல்களைப் பாருங்கள். வியாபாரி எடுக்கும் நெல்லைத்தான் எல்லோரும் போடுகிறார்கள். மார்கழிப் பனியில் குலை நோய் வந்தால் ஒரே ரகம் என்பதால் வயலுக்கு வயல் தாவுகிறது. இத்தனைக்கும் நெல்லிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்றின் மரபணுவையும் வேறு இரண்டையும் சேர்த்து, பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் சம்பா மசூரியை ஹைதராபாத்தில் உருவாக்கினார்கள். ஒரே தடுப்பை நம்பாமல் மூன்றை அடுக்கியது எனக்குப் பிடித்த விஷயம். கோதுமையிலும் ரை மரபணுவைச் சேர்க்கட்டும், ஆனால் தனியாக விடாமல் துணையோடு சேர்க்கட்டும். விதைக் கடையில் ரகத்தின் பெயரோடு அது எந்த நோயை எதனால் தாங்குகிறது என்பதையும் எழுதி வைத்தால், பக்கத்து வயல்காரர் போடாததைப் பார்த்துப் போடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். கோதுமைத் துருவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வடக்கே கோடை வெயிலில் அழிந்துபோகும் தண்டுத் துருப் பூஞ்சை நீலகிரி, பழனி மலைகளில் ஆண்டு முழுவதும் உயிரோடு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் அதன் வித்துக்களை மத்திய இந்தியா வரை கொண்டுபோய் மழையோடு இறக்குவதை நம் விஞ்ஞானிகள் 1970-களிலேயே விளக்கியிருக்கிறார்கள். குன்னூர் அருகே வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோதுமை நிலையம் இருப்பதே இதனால்தான். உங்கள் நிருபர் ஒருவரை அங்கே அனுப்பி, புதிய ரகங்களில் எந்தெந்த மரபணுக்களைச் சேர்த்து அடுக்குகிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாவு மில் வாசகர்,
காரைக்குடி