ஞாயிறு திருவையாறு பயணம்: வர்றவங்க கவனிக்க

அன்பர்களே, தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான், ஆனாலும் காலை ஏழுக்கே கிளம்பிடுவோம். மதியம் ஐயாறப்பர் கோயில் நடை சாத்திட்டா சாயங்காலம்தான் திறப்பாங்க. தெற்குப் பிரகாரத்தில் நின்னு "ஐயாறா"ன்னு கூப்பிட்டா எதிரொலி கேட்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவங்க நாமளும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கலாம், தப்பில்ல.

அடுத்து காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி. ஆராதனைக் கூட்டம் இல்லாத நாளில்தான் அங்கே நிதானமா உட்கார முடியும். புஷ்ய மண்டபப் படித்துறையில் குளிக்கிறவங்க தண்ணி வரத்தைப் பார்த்துட்டு இறங்குங்க.

சாப்பாட்டுக்குப் பெரிய ஓட்டலெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம், டிபனே போதும். வயித்துல இடம் வையுங்க: ஆண்டவர் அல்வா கடையில் அசோகா. பாசிப்பருப்பும் நெய்யுமா, சுடச்சுட சாப்பிடணும். பார்சல் அப்புறம்.

வர்றவங்க வெள்ளி ராத்திரிக்குள்ள பேர் போடுங்க, வேன் சொல்லணும்.