'பக்கிள்' என்ற ஒரு சொல்லுக்காக

ஆங்கில இலக்கிய மாணவர்களுக்குக் கைடு எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸின் 'தி விண்ட்ஹோவர்' கவிதையில் வரும் 'பக்கிள்' என்ற வினைச்சொல்லைப் பற்றித்தான் இந்த மடல். கல்லூரியில் நான் படித்த கைடில் அதற்கு 'ஒன்று சேர்' என்று ஒரே பொருள் போட்டிருந்தது. தேர்வில் அதையே எழுதினேன், மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் கவிதையின் கடைசி மூன்று அடிகள் பல வருடம் எனக்குப் பிடிபடவே இல்லை.

1877 மே மாதம், வேல்ஸில் இறையியல் படித்துக்கொண்டிருந்தபோது ஹாப்கின்ஸ் எழுதியது அது. விடியற்காலையில் ஒரு வல்லூறு காற்றில் மிதக்கிறது. அதன் அழகு, வீரம், செயல், காற்று, செருக்கு, இறகு என்று அடுக்கிக்கொண்டே வந்து, அடுத்த அடியின் தொடக்கத்தில் 'பக்கிள்!' என்று நிறுத்துகிறார். இடுப்பு வாரை மாட்டி இறுக்குவதும் பக்கிள்தான். சைக்கிள் சக்கரம் கோணிப் போவதும் பக்கிள்தான். இலக்கிய விமர்சகர் வில்லியம் எம்ப்ஸன் 1930இலேயே இந்த இரண்டையும் சொல்லிவிட்டார். அது ஏவலா, நடப்பதைச் சொல்வதா என்று இரண்டு விதமாகவும் படிக்கலாம் என்றும் காட்டினார்.

பறவையை 'செவாலியே' என்று அழைக்கிறாரே, அந்தக் குதிரைவீரன் கவசம் பூட்டிக்கொள்வதற்கு முதல் பொருள் பொருந்தும். சரி. ஆனால் கவிதை முடிவது கங்குகளில். வெளியே வெளிறிக் கிடக்கும் கங்குகள் விழுகின்றன, அடிபட்டுப் பிளக்கின்றன, உள்ளேயிருந்து பொன்னும் சிவப்புமாக ஒளி பீறிடுகிறது. 'மடங்கு, நொறுங்கு' என்ற இரண்டாவது பொருளை விட்டுவிட்டால் அந்தக் கங்குகள் எதற்காக வந்தன என்றே மாணவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை.

இதைச் சிலேடை என்று எழுதி முடித்துவிடவும் கூடாது. காளமேகத்தின் பாட்டில் பாம்பும் வாழைப்பழமும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் தனித்தனியே பொருந்தும். இங்கே ஒரு பொருள் கட்டுகிறது, இன்னொன்று உடைக்கிறது, அதுவும் ஒரே நொடியில். அந்த நொடியில்தான் நெருப்பு கிளம்புகிறது.

அடுத்த பதிப்பில் இரண்டு பொருளையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். எது சரி என்று தீர்ப்பு வேண்டாம். அப்புறம், 'பக்கிள்' என்பதை அடுத்து வரும் 'அண்ட்' என்ற சொல்லை ஹாப்கின்ஸ் முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார். என் கைடில் அது சிறிய எழுத்தில் இருந்தது. அதையும் அவர் எழுதியபடியே அச்சிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பழைய மாணவி