எடையோடு இனத்தையும் எழுதுங்கள்: மேட்டூர் நீர்த்தேக்க மீன்கள் குறித்து

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்பதை டெல்டா முழுவதும் நாள்தோறும் விசாரிக்கிறது. அந்த நீருக்குள் எத்தனை வகை மீன்கள் மிஞ்சியிருக்கின்றன என்று விசாரிப்பவர்கள் குறைவு. அதற்காகவே இம்மடல்.

1934இல் அணை எழுந்தபின், கடலிலிருந்து முட்டையிடக் காவிரியில் ஏறிவந்த உல்லம் (ஹில்சா) மீனின் வரத்து நலிந்தது. அணைக்கு மேலே அகப்பட்ட கெண்டை இனங்களுக்கோ ஒகேனக்கல் வரை ஓடும் நீர் மிச்சமிருந்தது. புதுவெள்ளம் வரும்போது எதிர்நீச்சலிட்டு ஏறி, ஓடும் நீரில் முட்டையிடுவது இவற்றின் இயல்பு. ஜிலேபி (திலாப்பியா) மீனுக்கு அந்தக் கவலையே இல்லை. தேங்கிய நீரில் குழி பறித்து முட்டையிட்டு, வாயிலேயே வைத்துக் குஞ்சு பொரித்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை வகைகள் மூன்றும் வேறு ஆறுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை மீனவர் வயிற்றைக் காக்கின்றன. அவற்றின் குஞ்சுகளை நீர்த்தேக்கத்தில் விடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பண்ணவாடிப் பரிசல் துறையில் ஒருநாள் காலை பிடிப்பை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கட்லாவுக்கு ஒரு விலை, ஜிலேபிக்கு ஒரு விலை. கூடையின் அடியில் மூக்கு தடித்து முன்தள்ளிய கரிய மீன் ஒன்று கிடந்தது. “கருமுழி. இப்பல்லாம் எப்பவாச்சும் ஒண்ணுதான்” என்ற பெரியவர், அதைத் தராசில் வைக்காமல் வீட்டுக்கென்று எடுத்துக்கொண்டார். எடையை மட்டும் எழுதும் எந்தக் கணக்கிலும் அந்த மீன் இருக்காது. காவிரிக்கே உரிய வெண்கெண்டையின் நிலை இன்னும் சிக்கலானது: மிர்காலை ஒத்த தோற்றமுடைய அதை அறிவியல் பட்டியல்களே நெடுங்காலம் மிர்காலோடு குழப்பிவந்திருக்க, கரையில் ஒன்று மற்றொன்றின் பெயரில் விற்றுப்போவதில் வியப்பில்லை.

ஆகவே, பிடிப்பை இனவாரியாக, மீனவர் வழங்கும் பெயரோடும் படத்தோடும் பதிவுசெய்ய வேண்டுகிறேன். குஞ்சு விடும் திட்டத்தில் கருமுழிக்கும் வெண்கெண்டைக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். அதற்கான தாய்மீன்களை, வேறு ஆற்றுப் படுகையிலிருந்து அல்லாமல், காவிரியிலிருந்தே தேர்ந்தெடுப்பது முக்கியம்.

எல்லாவற்றிலும் அவசரமானது, தென்மேற்குப் பருவமழையின் முதல் வெள்ளம் வரும் வாரங்களில், ஆறு தேக்கத்தில் கலக்கும் மேற்பகுதியில் வலை விரிப்பை நிறுத்திவைப்பது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விதித்து, அதற்கு நிவாரணமும் தருகிறோம். பரிசலில் பிழைப்பவருக்கும் அதேபோல் நிவாரணம் தராமல் தடை மட்டும் விதித்தால், வலை இரவில் இறங்கும். எந்த வாரங்கள், எந்தத் துறையிலிருந்து எந்தத் துறை வரை என்பதை அந்தப் பெரியவரைப் போன்றவர்களை அழைத்து உட்காரவைத்து முடிவுசெய்யுங்கள்.

இப்படிக்கு,
நீர்த்தேக்கக் கரையில் வசிக்கும் ஒருவர்