செப்டம்பர் 30-ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வாகனக் கட்டுரையில், அமெரிக்கர்களுக்கு மின்சாரக் கார் சலித்துவிட்டது என்று ஒரு வரி. அதற்கு மேல் படித்து முடிக்கவே எனக்குச் சிரமமாக இருந்தது. டாலஸ் அருகே வாடகை அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு ஐந்து ஆண்டுகளாக மின்சாரக் கார் ஓட்டுகிறேன். எனக்குச் சலிக்கவில்லை.

2025-இன் கடைசி மூன்று மாதங்களில் விற்பனை சரிந்தது உண்மைதான். முந்தைய மூன்று மாத விற்பனையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். ஆனால் புதிய காருக்கு மத்திய அரசு தந்துவந்த 7,500 டாலர் வரிச்சலுகையும், பழைய காருக்கான 4,000 டாலரும் செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நின்றுபோனது தாங்கள் அறியாததல்ல. அதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஜூலை முதல் செப்டம்பர் வரை 4 லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்று மின்சாரக் கார். தீபாவளிக்கு மறுநாள் துணிக்கடை வெறிச்சோடினால், ஊருக்குத் துணியே பிடிக்கவில்லை என்று எழுதுவீர்களா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பத்திரிகை, பெட்ரோல் பங்க்குகள் மூடப்படும் காலம் வந்துவிட்டது என்று பூரித்து எழுதியது. அப்போதும் கடிதம் போட்டேன், நீங்கள் பிரசுரிக்கவில்லை. சொந்த வீட்டுக்காரர் இரவில் கராஜில் செருகிவிட்டுத் தூங்கிவிடுகிறார், வாடகைக்கு இருப்பவர் எங்கே போவார் என்றுதான் அதில் கேட்டிருந்தேன்.

எங்கே போவார் என்று இப்போது சொல்கிறேன். ஜனவரியில் ஒரு மாலை, மளிகைக்கடையின் பின்புறம். நான்கு சார்ஜர்கள். ஒன்றின் திரை இருண்டு கிடந்தது. இன்னொன்றின் முனையை யாரோ காரை ஏற்றி நசுக்கியிருந்தார்கள். குளிரில் விறைத்துப்போன மூன்றாவது கேபிளை இரண்டு கையாலும் வளைத்துப் பொருத்தினேன். ஒரு நிமிடம் ஓடி நின்றுவிட்டது. நான்காவதற்கு எனக்கு முன்னால் இரண்டு கார்கள். பின்சீட்டில் என் மகள் கணக்குப் பாடத்தை எழுதி முடித்து, நோட்டின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நெடுஞ்சாலைகளில் சார்ஜர் அமைக்க 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அந்தப் பணத்தையும் 2025 பிப்ரவரி முதல் பல மாதங்கள் முடக்கி வைத்தார்கள். இதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் வரி கட்டாததற்கு ஈடாக, மின்சாரக் காருக்கு டெக்சஸ் மாநிலம் ஆண்டுக்கு 200 டாலர் கூடுதலாக வாங்குகிறது. நான் ஆண்டுக்கு 9,000 மைல் ஓட்டுகிறேன். கேலனுக்கு 30 மைல் தரும் பெட்ரோல் கார் என்றால் 300 கேலன் பிடிக்கும். மாநில வரி கேலனுக்கு 20 சென்ட், ஆக 60 டாலர். பெட்ரோல்காரர் 60 கட்டும் இடத்தில் நான் 200 கட்டுகிறேன். சலுகையை எடுத்தார்கள், கட்டணத்தைப் போட்டார்கள், பழுதான சார்ஜர் முன்னால் காக்க வைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு, வாங்குபவருக்குத்தான் சலித்துவிட்டது என்கிறீர்கள். மனம் வலிக்கிறது, ஐயா.

அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: விற்பனை சரிந்தது வரிச்சலுகை முடிந்த பிறகு என்று. இக்கடிதத்தை இடம் கருதிச் சுருக்க நேர்ந்தால், அந்த 60 டாலர் கணக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
டாலஸ், டெக்சஸ்