அரக்குத் துண்டு கொடுத்த அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று சாயங்காலம் என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். ஆளாளுக்குப் போன் போட்டு விசாரிக்கிறீர்கள். எல்லோரிடமும் பேச எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் இந்த மடல். இருமலில் ரத்தம் வருவது நின்றுவிட்டது. நுரையீரல் தமனியில், அதாவது நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில், இருக்கும் வீக்கங்கள் வற்ற மாதக்கணக்காகும் என்றார்கள். ஸ்டீராய்டு மாத்திரையும் மாதாமாதம் நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மருந்தின் டிரிப்ஸும் தொடரும்.

முதல் நன்றி வார்டு ஆயாம்மாவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்களுக்கு அவர் அக்கா.

இருமி முடித்ததும் இவர் பார்ப்பது கையிலிருக்கும் துண்டைத்தான். வெள்ளைத் துண்டில் ஒரு ஸ்பூன் ரத்தம் பரவினால் அரைப்படி மாதிரி தெரியும். பயத்தில் மூச்சு இரைக்கும், இரைத்ததும் மறுபடி இருமல். அக்கா இதைப் பேசாமல் கவனித்திருக்கிறார். மறுநாள் டியூட்டிக்கு வரும்போது மஞ்சப்பையில் நாலைந்து அரக்கு நிறத் துண்டுகள், வீட்டில் துவைத்து மடித்தவை. "இதுல தெரியாது தம்பி. எவ்வளவு போச்சுன்னு நாங்க பாத்துக்கிறோம். நீங்க எதுக்குக் கணக்குப் பாக்குறீங்க?"

டாக்டர்களுக்கு அந்தக் கணக்கு வேண்டும். அதனால் அக்கா அளவுக்கோடு போட்ட டப்பாவில் துப்பச் சொல்லி, இவர் கண் படுமுன் மூடிபோட்டு, சிஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அன்றைக்கு ராத்திரி இருமல் வந்தும் இவர் தூங்கினார். மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரமும் அதுதான், தெரியும். இருந்தாலும் அந்தத் தூக்கம் துண்டு கொடுத்ததுதான் என்று அடித்துச் சொல்வேன். பணம் நீட்டினேன், முறைத்தார். "துண்டைத் துவைச்சுத் திருப்பிக் குடு, போதும்."

காலில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது, நுரையீரலிலும் கட்டு என்றதும் ரத்தத்தை இளக்கும் ஊசி போடத் தயாரானார்கள். அப்போது வந்து "அடிக்கடி வாய்ப்புண் வருமா?" என்று கேட்ட வாதநோய் டாக்டரம்மாவுக்கு நன்றி. வாய்ப்புண் என்றால் மணத்தக்காளிக் கீரை என்றிருக்கும் ஊரில் வேறு யார் கேட்பார்கள்? அதில்தான் ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெசெட் நோய் பிடிபட்டது. இதில் கட்டு ரத்தக்குழாய்ச் சுவரோடு ஒட்டிக் கிடக்குமாம், கழன்று ஓடுவது அபூர்வம். தமனியில் வீக்கம் இருப்பவருக்கு அந்த ஊசி போட்டால் ரத்தம் கொட்டும் ஆபத்துதான் பெரிது. வாய்ப்புண், பிறப்புறுப்புப் புண், கண் அழற்சி மூன்றும் ஒரே நோய் என்று 1937இல் எழுதிவைத்த துருக்கித் தோல் மருத்துவர் ஹுலுசி பெசெட்டுக்கும் ஒரு கும்பிடு.

கடனுக்கு மருந்து கொடுத்த மெடிக்கல் அண்ணன், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி வைத்த எதிர்வீட்டு அத்தை, விடிய விடிய கூட இருந்த கொழுந்தன், சாப்பாடு கொண்டுவந்த ஆபீஸ் நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி.

நடுராத்திரியில் வந்து ரத்தம் கொடுத்த பையன்களின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை. என்னைக் கொடுக்க விடவில்லை, ஹீமோகுளோபின் 12.5 வேண்டுமாம். இப்போது தினமும் முருங்கைக்கீரைதான். வீட்டில் முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும். அளவு ஏறியதும் முதல் ஆளாகப் போய் ரத்த வங்கியில் படுக்கப் போகிறேன்.