எவரெஸ்ட் ஏறத் தயாராகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே,

வணக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் எவரெஸ்ட் ஏறினார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் மனசு பூரித்துப் போகிறது. அடுத்த பருவத்துக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டும் நிதி திரட்டிக்கொண்டும் இருக்கும் உங்களிடம் ஒரு மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்ட இருவரில் ஒருவரான டென்சிங் நார்கே. பெயர் தெரியாதவர் யாருமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரு பொது அறிவுக் கேள்விக்கு விடையாகத்தான் அவரை வைத்திருக்கிறோம். எனக்கு அவர் முதலில் கூலிக்கு மூட்டை சுமந்த தொழிலாளி, அப்புறம் ஒரு அப்பா. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

யாக் மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. பதின்ம வயதில் வீட்டை விட்டு டார்ஜிலிங்குக்கு ஓடிவந்தார். மலையேற வரும் வெள்ளைக்காரர்கள் அங்கேதான் ஆள் எடுப்பார்கள். 1935-ல் எவரெஸ்டுக்குப் போன ஆங்கிலேயர் எரிக் ஷிப்டனின் குழுவில் சுமை தூக்க இடம் கிடைத்தது. நாளுக்கு 12 அணா கூலி, எப்போதும் பனி மூடியிருக்கும் உயரத்தைத் தாண்டிவிட்டால் ஒரு ரூபாய். பலருக்கு மலை பிழைப்பு மட்டுமே. இவருக்கு அது ஆசையும்கூட. 1947-ல் எர்ல் டென்மன் என்ற கனடாக்காரர், அனுமதி இல்லாமல், கையில் போதிய காசும் இல்லாமல், திபெத் வழியாக எவரெஸ்டுக்கு வருகிறாயா என்று கேட்டார். வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார்கள். டென்சிங் கிளம்பிவிட்டார். உச்சியைத் தொட்ட 1953 பயணம், எவரெஸ்டுக்கு அவர் போன ஏழாவது பயணம்.

இதற்கு நடுவில் வீடும் இருந்தது. முதல் மகனைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தார். 1944-ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில் வேலை பார்த்தபோது மனைவி தாவா புட்டி இறந்துபோனார். பெம் பெம், நீமா என்ற இரண்டு சின்னப் பெண் குழந்தைகளோடு அவ்வளவு தூரம் பயணப்பட்டு டார்ஜிலிங் திரும்பினார். பிறகு ஆங் லாமுவை மணந்தார். அந்த அம்மா ஆயா வேலை பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்து, இவர் மலைக்குப் போகும் மாதங்களில் வீட்டைத் தாங்கினார்.

1953 மே 29, காலை பதினொன்றரை மணி. நியூசிலாந்துக்காரர் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றது ஏறக்குறைய 15 நிமிடம். டென்சிங் கழுத்தில் இருந்தது, அதற்கு முந்தைய ஆண்டு சுவிஸ் குழுவில் கூட ஏறிய நண்பர் ரேமண்ட் லாம்பெர்ட்டின் சிவப்புத் துணி. ஹிலாரி எடுத்த படத்தில் கொடிகள் கட்டிய பனிக்கோடரி தெரியும். படத்தில் தெரியாத ஒன்றைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். கிளம்பும்போது மகள் நீமா, தன்னிடம் இருந்த சிவப்பும் நீலமுமான துண்டுப் பென்சிலை அப்பா கையில் கொடுத்திருந்தாள். கடவுளுக்குப் படைக்கக் கொண்டுபோயிருந்த இனிப்புகளோடு அந்தப் பென்சிலையும் அவர் உச்சிப் பனியில் புதைத்து வைத்தார். மூச்சுவிடவே ஆக்சிஜன் உருளை தேவைப்படும் இடத்தில், சட்டைப் பையில் மகளின் பென்சிலைத் தேடி எடுத்த அந்தக் கையை நீங்கள் ஒரு தரம் மனசில் கொண்டுவந்து பாருங்கள்.

1953-ல் போன அந்த பிரிட்டிஷ் குழுவின் சாமான்களைச் சுமந்தவர்கள் 350 பேருக்கும் மேல். காட்மாண்டுவில் வெள்ளையர்களுக்கு பிரிட்டிஷ் தூதரகத்துக்குள் படுக்கை, டென்சிங்கின் இனத்தவரான ஷெர்பாக்களுக்கு வண்டிக் கொட்டகைத் தரை. வெற்றிக்குப் பிறகு குழுத் தலைவர் ஜான் ஹண்டுக்கும் ஹிலாரிக்கும் சர் பட்டம், டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். இது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அவரோ கசந்துபோய் உட்கார்ந்துவிடவில்லை. 1954-ல் டார்ஜிலிங்கில் தொடங்கிய மலையேற்றக் கழகத்தில் களப்பயிற்சி இயக்குநராக இருந்து ஏராளமானவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். தன் பிள்ளைகளுக்கு மூட்டை சுமக்கும் பிழைப்பு வேண்டாம் என்று அவர்களை நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்கவைத்தார். 1986 மே 9-ஆம் தேதி டார்ஜிலிங்கிலேயே காலமானார். மகன் ஜாம்லிங் 1996-ல் அதே உச்சியில் நின்று அப்பாவை நினைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு மேலே, பிளந்து கிடக்கும் பனிக்கட்டிச் சரிவான கும்பு பனியருவியில் சரிந்த பனியில் 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மற்றவர்கள் ஏறுவதற்காக வழி அமைத்தும் சுமை தூக்கியும் பிழைத்தவர்கள். உடனடி உதவியாக அரசு அறிவித்தது குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய். நேபாளப் பக்கமிருந்து நீங்கள் ஏறப்போவதும் அதே பனியருவி வழியாகத்தான். நீங்கள் சில முறை கடக்கும் இடத்தை, உங்கள் கூடாரத்தையும் உருளையையும் சுமந்துகொண்டு அவர்கள் பல முறை கடப்பார்கள்.

அதனால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் பேரம் பேசாதீர்கள். உங்களோடு வருபவருக்குக் காப்பீடு எவ்வளவு, சமையல்காரருக்கும் சுமை தூக்குபவருக்கும் சேர்த்தா, அசம்பாவிதம் நடந்தால் பணம் வீட்டுக்கு எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். திரும்பி வந்து சென்னையிலோ உங்கள் ஊரிலோ மேடையில் மாலை விழும்போது, 'ஒரு ஷெர்பா உதவினார்' என்று சொல்லி முடிக்காமல் அவருடைய முழுப் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். பத்திரிகைக்குப் படம் கொடுத்தால் அவரும் அதில் இருக்கட்டும், கீழே அவர் பெயரும் இருக்கட்டும்.

பத்திரமாகப் போய்வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் ஒருவன்