பாரிமுனையோடு திரும்பிவிடாதீர்கள்: சென்னைச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். வெளியூர் விருந்தினர்களுக்குக் கோட்டையைக் காட்டி, 1914இல் எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு வீசியதைச் சொல்லும் உயர் நீதிமன்ற மதில் கல்வெட்டை வண்டிக்குள் இருந்தபடியே சுட்டிவிட்டு, பாரிமுனையிலிருந்து மெரினா பக்கம் திரும்பிவிடுகிறீர்கள். அதற்கு வடக்கேயும் ஊர் இருக்கிறது என்பதை அங்கே வாழ்பவன் என்ற முறையில் நினைவூட்டவே இம்மடல்.

தெருக்கள் குறுகல், வண்டி நுழையாது என்பீர்கள். உண்மைதான், சரக்கு ஏற்றி இறக்கும் நேரத்தில் தம்புச் செட்டித் தெருவில் நாங்களே ஒதுங்கி ஒதுங்கித்தான் நடக்கிறோம். ஆகவே வண்டியைப் பாரிமுனையிலேயே விட்டுவிட்டு, கடைகள் திறக்கும் முன்பே நடந்து வாருங்கள். உச்சிவேளையில் வந்தால் அத்தெருவிலுள்ள காளிகாம்பாள் கோயில் நடை சாத்தியிருக்கும். 1677இல் சத்ரபதி சிவாஜி வழிபட்டதாகச் சொல்லப்படும், பாரதியார் விரும்பி வந்த காளிகாம்பாள் சன்னதியைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று விளக்குவதில் யாருக்கு என்ன பயன்?

அங்கிருந்து சிறிது தூரத்தில், அரண்மனைக்காரன் தெருவில் ஆர்மீனிய தேவாலயம். இப்போதுள்ள கட்டடம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வழிபட ஆர்மீனியர் இன்று இங்கு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் முற்றத்தில் கால் வைக்கும் இடமெல்லாம் அவர்களுடைய எழுத்து செதுக்கிய கல்லறைப் பலகைகள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இங்கேதான். தனியே நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் உள்ளன. இவ்வளவையும் விட்டுவிட்டு விருந்தினரை நேராகக் கடைவீதிக்கு அழைத்துப் போகும் அவசரம் எனக்கு விளங்கியதே இல்லை.

1856இல் திறந்த இராயபுரம் ரயில் நிலையத்தை நீங்களே அறிவீர்கள். நான் வலியுறுத்த விரும்புவது மூலக்கொத்தளம் இடுகாட்டை. 1930களின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறை சென்று, 1939 சனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் உயிர்நீத்தார்கள். அவர்களது நினைவிடம் அங்கே இருக்கிறது. எழும்பூரில் அவ்விருவர் பெயரைத் தாங்கிய மாளிகையைக் கடந்து போகும் பலரும் இந்த இடத்தைப் பார்த்ததில்லை. மொழிப்போர் தியாகிகள் நாளான சனவரி 25 அன்று மாலைகள் வந்து குவியும். மற்ற நாட்களில் கூட்டம் இராது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மூலக்கொத்தளம் இன்றும் பயன்பாட்டில் உள்ள இடுகாடு. சிறு குழுவாக, ஒலிபெருக்கி இல்லாமல் வாருங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம் என்று விருந்தினரிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவன்